பின்கதவு

எங்கள் ரோந்து வண்டியின் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. வண்டி நின்றதும் குதித்து இறங்கி அதைத் திறந்துவிடுவது தம்பியின் பழக்கம். தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, எனக்கு வாய்த்த டிரைவர். நல்லவன்தான், ஆனால் வாய் ஓயாது.

அன்று மத்தியானம் மறுபடியும் அந்தத் தச்சன் வீடு. அவன் அடிப்பான், பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்வார்கள், மனைவி புகார் தரமாட்டாள். நாங்கள் அவனை வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆறியதும் வீட்டில் விடுவோம். 'காற்று வாங்குவது' என்று இதற்கு ஸ்டேஷனில் பெயர். வெட்கக்கேடு. கேஸ் இல்லாததால் மேலதிகாரிக்கு மட்டும் பிடிக்கும்.

தம்பி அவனை ஏற்றப் போனதும் அவள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். உதடு வீங்கியிருந்தது.

"அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் லேட்டா கொண்டு வந்து விடுங்க. பொண்ணைக் கூட்டிட்டு அடுத்த பஸ்ல அம்மா வீட்டுக்குப் போயிடறேன். தெரிஞ்சா கொன்னுடுவாரு."

"கிளம்பு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

வண்டியில் அவன் பின்னால் இருக்கும்போது தம்பியிடம் எப்படிச் சொல்வது? "பாலம் வரைக்கும் போலாம்," என்றேன்.

"எதுக்குக்கா? அண்ணன்தான் ஆறிட்டாரே."

கண் காட்டினேன்.

"கண்ணுல தூசியாக்கா?"

மூளை முழங்காலில்தான். தச்சனும் சேர்ந்து சிரித்தான்.

பாலத்துக்குப் பாதி வழியில் வயர்லெஸ் கூப்பிட்டது. சந்தைப் பக்கம் லாரி மோதி ஒருவர் கிடக்கிறார், பக்கத்தில் இருப்பது நாங்கள்தான். தம்பி வண்டியைத் திருப்பினான். அது பஸ் ஸ்டாப் வழி என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

சாலையின் எதிர்ப்பக்கம் அவள் நின்றிருந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மகள். பஸ் வந்திருக்கவில்லை.

பின்னால் சிரிப்பு நின்றது. "சார், நான் இங்கயே இறங்கிக்கறேன்," என்றான், ரொம்ப மரியாதையாக.

"நல்லதாப் போச்சு. நாமளும் அவசரமாப் போகணும்," என்று தம்பி பிரேக்கை மிதித்தான்.

"நிறுத்தாத, ஓட்டு," என்றேன். அதற்குள் தம்பி குதித்து இறங்கியிருந்தான். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் பெல்ட்டை அவிழ்த்து இறங்குவதற்குள் தச்சன் பாதிச் சாலையைத் தாண்டிவிட்டான். கத்திக்கொண்டே ஓடினேன். அவள் அவனை இன்னும் பார்க்கவில்லை. எங்கள் வண்டியைத்தான் பார்த்தாள், பிறகு என்னை. நான் வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வீங்கிய உதட்டோடு சிரித்து, எனக்குக் கையாட்டினாள்.