முன் டயர்

பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அவள் எழுந்துவிட்டாள். கேட்டைத் திறந்துவிடப் போகும் பழக்கம். கொண்டையை முடிந்துகொண்டு இரண்டடி வைத்த பிறகுதான், கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் கணவர் படுத்திருப்பது கண்ணில் பட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் ஒரு கணம் வாசலைத்தான் பார்த்தார்கள். அந்தச் சத்தம் வந்தால் அவர் வந்துவிட்டார் என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம்.

ஓட்டிக்கொண்டு வந்தவர் பஞ்சர் கடைக்காரர். நேற்று அவருடைய கடை ஸ்டூலில் உட்கார்ந்து டயர் மாற்றக் காத்திருந்தபோதுதான் அவள் கணவருக்கு மாரடைப்பு வந்தது.

"வந்திருச்சு பாரு உன் டயரு," என்றாள் நாத்தனார், பெட்டிக்குப் பக்கத்திலிருந்து. "போ, உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வை."

யாரோ இருமினார்கள். அவள் படியிறங்கினாள்.

டயர் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒரு மாதமாக அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் டவுன் பஸ் டிரைவர். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் பைக்கிலேயே மலை தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் அவருடைய தம்பி வீடு வரை போய்வருவது என்று பேச்சு. கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. பிள்ளைகள், ஷிப்டு, கடன், முட்டிவலி என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் தேதி குறித்தாயிற்று. அவள் இரண்டு பைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அப்படியே பைக்கைக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

அவளுக்கு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. ஓடுகிற பெல்ட்டில் ஒரு அட்டையின் ஒரு குழி காலியாக இருந்தாலும் கையை நீட்டி எடுத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளிடம் வழுக்கை விழுந்த டயரைக் காட்டி நல்லா இருக்கு என்று சொன்னால் விடுவாளா?

"கம்பி தெரியிற வரைக்கும் ஓடும்டி. எங்க டிப்போல வந்து பாரு."

"உங்க டிப்போ பஸ்ல நான் ஏறுனதே இல்ல."

"புது டயரக் கொண்டுபோய் மலை ரோட்டுல தேச்சுட்டு வரணுமா? இருக்கிறதத் தேச்சுட்டு வந்து அப்பறம் மாத்துவோம். யோசிச்சுப் பாரு, அதான் கணக்கு."

"ரெண்டும் மாத்தாம நான் பின்னாடி உக்கார மாட்டேன்."

நேற்றுக் காலையும் இதேதான். கால் பம்பை எடுத்து முன் டயருக்கு வேர்க்க விறுவிறுக்கக் காற்று மிதித்தார். மிதித்து முடித்துக் கட்டை விரலால் அழுத்திக் காட்டி, "பாரு, கல்லு மாதிரி இருக்கு. இதுக்கு என்ன கொறச்சல்?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குக் கிளம்பினார். போகும்போது கேட்டை அறைந்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அவர் கடைசியாகப் பேசியது அந்தக் கேட்டோடுதான்.

படுக்கையில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யார் காதில் ஏறியது? சும்மா இருந்தவனை வெயிலில் துரத்தினாள் என்று நாத்தனார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திறங்கிய கொழுந்தன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டது ஒன்றுதான்: "ஒரு டயருக்காகவா அண்ணி?"

கீழே கடைக்காரர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சாவியை நீட்டினார். பின் டயர் புத்தம் புதுசு. ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. முன் டயரும் கன்னங்கரேலென்று மின்னியது. அவள் சாவியை வாங்காமல் குனிந்தாள். முன் டயரின் பள்ளத்தில் நகத்தை வைத்தாள். நகம் இறங்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தால் கருப்புச் சாயம்.

"இத மாத்தலையா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பின்னாடி மட்டும் போதும்னாரு அக்கா. இதக் கழுவி, பாலிஷ் போட்டுக் குடுத்துரு, அவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு..." மேலே கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் பாலிஷ் போட்டுட்டு நிமுந்து பாக்கறேன், சாஞ்சிருக்காரு."

"வேற என்ன சொன்னாரு?"

"அத விடுங்கக்கா."

"சொல்லுங்க."

"உங்களத்தான் திட்டிட்டு இருந்தாரு. ஒண்ணப் புடிச்சா விடமாட்டா, ராட்சசின்னு." பிறகு அவசரமாக, "சிரிச்சுட்டேதான் சொன்னாரு," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியம் கடைக்காரரின் சொந்தச் சரக்கு என்பது அவளுக்குத் தெரிந்தது. பெட்டியின் கண்ணாடியைத் தட்டி அவரை எழுப்பிக் கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. பாலிஷ் போட்டு ஏமாற்றலாம் என்று நினைத்தீர்களா? என்னையா?

"இத நம்பி ரோட்டுக்கு எடுத்துராதீங்கக்கா," என்று சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் கடைக்காரர் நடந்தே போனார்.

மதியம் உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வாடகை நாற்காலிகளை அடுக்கும்போது, கொழுந்தன் ஆணியில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்தான்.

"அண்ணன் வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். இங்க யாரு ஓட்டப்போறா?"

"எடுத்துக்கடா," என்றாள் நாத்தனார். "அதுல இன்னொருத்தர் உக்காரக் குடுத்து வைக்கல."

"மலை ரோட்டுலயே போயிருவேன். டயர் ரெண்டும் புதுசு, ஜம்முனு இருக்கு." அண்ணியைப் பார்த்தான். "அதுக்குத்தான் ஒரு உசுர வெலையாக் குடுத்தாச்சே."

அவள் வாயைத் திறந்தாள். டயர் என்ற அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. இன்னொரு முறை அதைச் சொன்னால் இந்த வீடு என்ன ஆகும் என்று தெரியும். நாத்தனார் அதற்காகவே காத்திருப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். அவள் கழுவின டம்ளர்களையே மறுபடி கழுவப் போனாள்.

போகட்டும் என்று நினைத்தாள். மலையில் மழை பெய்யும். வளைவில் பிரேக் பிடிப்பான். அப்போது தெரியும், ஒரு டயருக்காகவா என்று கேட்ட வாய்க்கு. நினைக்க நினைக்க இனித்தது. அந்த இனிப்பு தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கொழுந்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினான். அவருடைய ஹெல்மெட். பின் சீட்டில் அவள் துவைத்து வைத்திருந்த பைகளில் ஒன்றைக் கட்டியிருந்தான். நாத்தனார் மேலே பால்கனியில் நின்று, "பாத்துப் போடா, போய்ச் சேந்ததும் போன் பண்ணு," என்றாள். உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அதே சத்தம்.

அவள் கேட்டைத் திறந்துவிட வந்தாள். திறக்கவில்லை. கேட்டுக்கு முதுகைக் காட்டி, முன் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, தள்ளுங்க."

வால்வின் மூடியைத் திருகி எடுத்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அதன் முனையை வால்வுக்குள் வைத்து அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏய்! என்ன பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?" வண்டியை அணைத்துவிட்டு அவன் குதித்து இறங்கினான். ஹெல்மெட்டுக்குள் அவன் முகம் கறுத்தது. "வண்டிய நான் எடுத்துட்டுப் போறது பொறுக்கலையா?"

அவள் ஊசியை எடுக்கவில்லை. "முன் டயரு வெறும் பாலிஷ். நகத்த வெச்சுப் பாருங்க," என்றாள். "கடைக்குத் தள்ளிட்டுப் போங்க தம்பி. டயர மாத்திட்டுக் கெளம்புங்க."

அவன் குனிந்து பார்க்கவில்லை. காதில் வாங்கியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுபடி வண்டியில் ஏறவும் இல்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"மறுபடியும் டயரா?" நாத்தனாரின் குரல் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. "ஒருத்தனத் தின்னது பத்தலையாடி? புடிச்சா விடவே மாட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லு மாதிரி இருந்த டயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் ஊசியை அழுத்திக்கொண்டே, மறுகையை வால்வுக்கு நேராக விரித்து வைத்திருந்தாள். ரப்பர் வாடையோடு அவர் மிதித்து ஏற்றிய காற்று உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக.

அது நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.