முடிச்சுப் போட்ட கண்ணாடிகள்

ரத்தச் சர்க்கரையோடு என் பார்வையும் மாறும்: ஏறினால் ஒரு கண்ணாடி, இறங்கினால் வேறொன்று, தெருவில் நடக்க மூன்றாவது. எல்லாமே கறுப்பு ஃப்ரேம். ஊசியில் நூல் நுழையாதபோதுதான் மாற்றிப் போட்டிருப்பது தெரியும். தையல்கடை அதிரக் கத்துவேன்.

அடையாளத்துக்குக் கலர் நூல் கட்டச் சொன்னேன். மனைவி மூன்றிலும் வெள்ளை நூலையே கட்டியிருந்தாள்.

“நம்ம கடையில கலர் நூலுக்கா பஞ்சம்?”

“நேத்து நீலச் சட்டையைக் கறுப்பு நூல்ல தச்சவருக்குக் கலர் எதுக்கு? தடவிப் பாருங்க.”

ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. விரலுக்கே கண் கொடுத்துவிட்டாள், புண்ணியவதி.

இரண்டு முடிச்சுக் கண்ணாடியை மாட்டினேன். நீலச் சட்டையைப் பிரித்து, நீல நூலால் கையாலேயே தைத்து வைத்திருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் ஊசிப் புள்ளிகள்.

சர்க்கரைக்காகக் குத்து வாங்குவது என் விரல் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.