விழுந்து முடியாதவர்

சாரம் கட்டுபவர் ஆறாவது மாடியிலிருந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. கட்டு அவிழ்ந்த மூங்கில் காலடியில் உருண்டது, மனிதர் பின்பக்கமாகச் சாய்ந்தார், கீழே கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தபோது அவர் நாலாவது மாடி பால்கனிக்கு வெளியே அந்தரத்தில் மல்லாந்து கிடந்தார். விழுவது நிற்கவில்லை, மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். வருடத்துக்கு ஓர் ஆள் உயரம்கூட இறங்கவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள், ஏணி வைத்துப் பார்த்தார்கள், ஆள் அசையவில்லை. மதியம் சிமெண்டு லோடு வந்ததும் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவர் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். சேதி கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டபடியே ஓடிவந்து மாடி ஏறினாள். "எங்கயாவது அடிபட்டுச்சாங்க?" என்று கேட்டாள். "அடியெல்லாம் இல்ல. ஆனா வயித்துக்குள்ள விழுந்துகிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது," என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியதில்லை. கண் அசந்தால் திடுக்கிட்டுக் கத்துவார். அவள் துரட்டியில் தூக்குவாளியை மாட்டி மூன்று வேளையும் சோறு நீட்டினாள்.

ஒப்பந்தக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். கையில் புத்தம்புது பாதுகாப்பு பெல்ட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. இத்தனை வருடத்தில் அந்த வேலையிடத்தில் யாரும் பார்த்திராத பொருள். அதைக் கம்பு நுனியில் மாட்டி நீட்டி, "இடுப்புல போட்டுக்கப்பா, ஒரே ஒரு போட்டோ," என்றார். அந்தரத்தில் கிடந்தவர் வாங்கினார், ஒப்பந்தக்காரரின் முகத்தைப் பார்த்தார், கையை விட்டார். பெல்ட் நேராகப் போய்க் கலவையில் விழுந்தது. ஒப்பந்தக்காரரின் சட்டையிலிருந்து வந்த சென்ட் வாசனை பொறுக்காமல் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவள் நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது ஒப்பந்தக்காரர் சிரித்தார். "விழுந்தாத்தானம்மா அடி, அடிபட்டாத்தான நஷ்ட ஈடு? முதல்ல விழுந்து முடிக்கட்டும்." அவர் அனுப்பிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கம்பில் கட்டி நெஞ்சில் வைத்துப் பார்த்தார், எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை என்று எழுதினார், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார். அடுத்த மாதமே சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவர் என்று விழுந்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். கட்டடம் முடிந்தது; பூச்சுக்காரர்கள் அவரைச் சுற்றி வெள்ளையடித்தார்கள், அவர் முதுகிலும் தெறித்தது. குடிவந்தவர்கள், படுக்கையறைக்கு வெளியே ஓர் ஆள் தொங்கினால் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று முறையிட்டார்கள். ஒப்பந்தக்காரர் குப்பை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தச் சொன்னார். அவள் அதைக் கிழித்து கட்டட வாசலில் எறிந்து, அதன்மேல் காறித் துப்பிவிட்டு, நேராகத் தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அவளை ஜன்னலுக்கு ஜன்னல் பந்தாடினார்கள். ஒருவர் இறப்புச் சான்றிதழ் கேட்டார், இன்னொருவர் எக்ஸ்ரே கேட்டார், மூன்றாமவர் காது குடைந்துகொண்டே நாளைக்கு வரச் சொன்னார். கடைசியில் புதிதாக மாற்றலாகி வந்த பெண் அதிகாரி பைலைப் படித்துவிட்டுத் தானே கிளம்பி வந்தார். பால்கனியில் நின்று நெடுநேரம் அவரைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் பின்னாலேயே வந்து, "மேடம், இன்னும் தரையில படவே இல்லையே," என்றார்.

"தரையில படணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல," என்றார் அதிகாரி. "வேலை நேரத்துல, வேலை செய்யிற எடத்துல, அந்த வேலையால நேர்ந்துச்சா? அதான் கேள்வி. மூங்கில்ல இருந்து கால் நழுவினப்பவே விபத்து நடந்தாச்சு. அவரால தூங்க முடியல, வேலை செய்ய முடியல. இதுக்கு மேல உங்களுக்கு என்ன முறியணும்?"

வேலைக்குத் திரும்பும்வரை சம்பளத்தில் பாதி, மருத்துவச் செலவு முழுவதும் என்று உத்தரவானது. ஒப்பந்தக்காரர் மேல்முறையீடு செய்தார், தோற்றார், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்கே வந்தார். "அதான் எல்லாம் கெடைச்சிடுச்சே, இன்னும் ஏம்மா தொங்கறாரு? பாக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்குல்ல?"

"அசிங்கம்தான் சார்," என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமல். "ஆனா அது அவரு இல்ல."

தூக்கத்துக்கு மாத்திரை வந்தது, திடுக்கிடுவது குறைந்தது. வருடங்கள் போயின. அவருக்குத் தலை நரைத்தது, மூன்றாவது மாடியைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். இப்போது முதல் மாடியில் குடியிருக்கும் பெண் காலையில் போர்வை உலர்த்த வரும்போது, "அண்ணா, காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க," என்கிறாள். அவர் மடக்கிக்கொள்கிறார்.