முருகம்மாள் ஓட்டும் மெஷின்

விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கீழவாசல் ஜலால் பாய் கடையில் ஃப்ளக்ஸ் தட்டி அடிக்கும் மெஷின் இடித்துக்கொண்டு நின்றுபோனது. மெக்கானிக் வெங்கடேஷ்பாபு போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. வாசலிலேயே மை நெடி மூக்கில் ஏறியது.

பத்தடி நீள மெஷின். மேலே தண்டவாளம் போல ஒரு கம்பி. அதில் இடமும் வலமுமாக ஓடி மை தெளிக்கும் பெட்டிக்குக் கேரேஜ் என்று பெயர். அதன் அடியில்தான், நிறத்துக்கு ஒன்றாக, மை பீய்ச்சும் நான்கு ஹெட்டும் இருக்கின்றன. அந்தக் கேரேஜ் போன வேகத்தில் மெஷினின் பக்கச் சுவரில் இடித்துக் கோணலாக நின்றது. நீல மை ஒழுகித் தரையில் குளம் கட்டியிருந்தது.

"வா தம்பி, வந்து இந்தக் கண்றாவியப் பாரு," என்றார் ஜலால். நோன்பு மாதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கோபம் குரலில் இருந்தது. "ஓரத்துல டேப் ஒட்டாம விட்டிருக்கா. ஃப்ளக்ஸு தூக்கி ஹெட்டுல மாட்டிருச்சு."

"ஒட்டினேன் பாய்," என்றாள் முருகம்மாள்.

திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பில் எழுதத்தான் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்தே மெஷினைப் படித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். ஊரிலேயே ஃப்ளக்ஸ் மெஷின் ஓட்டும் பொம்பளை தான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொள்ள அவள் தயங்கியதே இல்லை.

"மெட்ராஸ் இன்ஜினியர் ஃபோன்லயே சொல்லிட்டாரு. உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டும் போச்சாம், ஹெட்டும் போச்சாம். லாரியில ஏத்தி அனுப்பணுமாம். ஏம்மா, இனிமே நீ பில்லு எழுது, போதும். மெஷின் பக்கமே வராத."

வெங்கடேஷ்பாபு குனிந்து பார்த்தான். ஹெட்டுகளுக்கு அடியில் ஈரத்துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது யாரு வச்சது?"

"நாந்தாண்ணே. மை கழுவுற தண்ணியில நனைச்சு வச்சேன். காஞ்சா ஹெட்டு செத்துப்போகும்ல."

பாதி வேலை முடிந்துவிட்டது என்று அவனுக்குப் பட்டது. "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க பாய்," என்றான்.

"நோன்பு தொறக்குற வரைக்கும். அப்புறம் லாரிதான்."

மார்ச்சில் அவன் மனைவி ரம்யாஸ்ரீயின் கண்ணீர் அஞ்சலித் தட்டியை அடித்ததும் இதே மெஷின்தான். எட்டடிக்குப் பத்தடி. முகத்தின் நிறம் சரியாக வரவில்லை என்று முதல் தட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்துக் கொடுத்தவள் முருகம்மாள். அவன் நன்றி சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே அவனுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. வேலை வந்தால் செய்தான். சோறு போட்டால் சாப்பிட்டான்.

டேப் ஓரம் முழுக்க ஒட்டியே இருந்தது. ஃப்ளக்ஸில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பக்கச் சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஆக, எங்கே நிற்க வேண்டும் என்று கேரேஜுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

கம்பியை ஒட்டி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை நீளத்துக்கும் ஓடுகிறது. அதில் தலைமுடியைவிடச் சன்னமான கோடுகள். அந்தக் கோடுகளை எண்ணித்தான் கேரேஜ் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். வெள்ளைத் துணியால் பட்டையைத் துடைத்தான். துணியில் மஞ்சளாக ஏறியது. முகர்ந்து பார்த்தான்.

"சந்தனம். கோட்டை மறைச்சிருக்கு, எண்ண முடியாம கேரேஜ் போய் இடிச்சிருச்சு," என்றான் மெதுவாக. பேசாமல் துடைத்துப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

முருகம்மாள் மெதுவாகப் பேசவில்லை. "நாந்தாண்ணே வச்சேன். ஆயுத பூஜைக்கு."

"அப்ப ஒன் வேலைதானா?" என்று எழுந்தார் ஜலால்.

"மேல மூடியில மூணே மூணு பொட்டுதான் பாய் வச்சேன். நீங்கதான், 'எம்புட்டுப் பெரிய மெஷினு, இம்புட்டூண்டு வச்சா போதுமா, நீளத்துக்கும் வையி'ன்னீங்க."

ஜலால் தாடியைத் தடவினார். "சொன்னேன். அதுக்காகப் பட்டையிலயா வைப்பாங்க?"

"அது எதுக்கு இருக்குன்னு யாரு சொன்னா எனக்கு?"

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. ஸ்பானரை எடு," என்றான் வெங்கடேஷ்பாபு.

போர்டு போகவில்லை. மோட்டாருக்குப் போகும் ஃப்யூஸ்தான் போயிருந்தது; அதை மாற்றினான். ஹெட்டுகளைத் தாங்கும் தகடு ஒரு மூலையில் வளைந்திருந்தது. கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து, ஆடாமல் படியும்வரை தட்டித் தட்டி நிமிர்த்தினான். ஹெட்டுக்கும் ஃப்ளக்ஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை, கடை விசிட்டிங் கார்டுகள் ஆறை அடுக்கி அளந்தான்.

"என் கார்டு இதுக்காவது ஆகுதே," என்றார் ஜலால்.

மூன்று ஹெட் தப்பித்திருந்தன. நீல ஹெட்தான் அடைத்திருந்தது. முருகம்மாள் சிரிஞ்சில் கழுவும் தண்ணீரை ஏற்றி, அவசரப்படாமல் தள்ளினாள். சோதனைக்கு வரிசையாகக் கோடுகள் அடித்துப் பார்த்தபோது நீலத்தில் மூன்று கோடு இல்லை. மறுபடி தள்ளினாள். ஒன்று இல்லை. வெங்கடேஷ்பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தரை. மூன்றாம் தடவை எல்லாக் கோடும் சீப்புப் பல் போல வரிசையாக வந்தன.

"நீயே ஓட்டு," என்றான்.

திருமங்கலத்துக்காரர்களின் காதுகுத்துத் தட்டி வெளியே வரத் தொடங்கியது. அடியில் தாய்மாமன்கள் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. ஹெட் ஒரு இம்மி விலகியிருந்தாலும் அங்கே இரட்டையாகத் தெரியும். கிட்டே குனிந்து பார்த்தான். ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது. நான் செய்தது என்று நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே புதிதாக இருந்தது. பிறகு, நாங்கள் செய்தது என்று திருத்திக்கொண்டான்.

ஜலால் மெட்ராஸுக்கு ஃபோன் போட்டார். "சார், லாரி வேணாம். இந்தா, சத்தத்தைக் கேளுங்க," என்று செல்லை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தார். "யாரு பாத்ததா? எங்க ஆளுக சார். மதுரைக்காரங்க." வைத்துவிட்டு வெங்கடேஷ்பாபு பக்கம் திரும்பினார். "ஆமா தம்பி, நாளைக்கு மெஷினை யாரு ஓட்டுறது?"

"யாரு ஓட்டுவா? பட்டை எதுக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு கடையில முருகம்மாதான்."

ஜலால் தட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க பாய்," என்றாள் முருகம்மாள். "கேரேஜ் வருது."

அவர் எடுத்துக்கொண்டார்.