கையைத் தூக்கிச் சொன்ன உண்மை

ரூஃபஸ் ட்ரிம்பிள் அந்த ஜெனரேட்டரைத் திருடவில்லை. அது அவனுக்கும் தெரியும், அரசாங்கம் அவனுக்கென்று அமர்த்திய வக்கீல் ஹோல்கம்புக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? ஜாமீன் கட்ட வக்கில்லாதவன் விசாரணை வரும்வரை உள்ளேதான் கிடக்க வேண்டும். அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் விசாரணை எப்போது வரும் என்று ஜட்ஜுக்கே தெரியாது.

"குத்தத்தை ஒத்துக்கிட்டா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்யா. அரசு வக்கீல்கிட்ட பேசி முடிச்சாச்சு, இதுவரை உள்ள கிடந்ததையே தண்டனையாக் கழிச்சிடுவாங்க. ஜட்ஜ் என்ன கேட்டாலும் நான் சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லு," என்றார் ஹோல்கம்ப்.

"செய்யாததை எப்படி சார் செஞ்சேன்னு சொல்றது?"

"சாயங்காலம் உன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பட்டமளிப்பு இருக்கா இல்லையா?"

ரூஃபஸ் நீதிமன்றக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். பின்வரிசையில் கியானா, தாயில்லாமல் அவன் ஒற்றை ஆளாக வளர்த்த மகள், அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் அவள்தான்.

கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கி, உண்மையைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்று கடவுள்மேல் சத்தியம் செய்தான். அங்கே எல்லோரும் செய்கிற சத்தியம்தான், எவனும் பொருட்படுத்துவதில்லை. ரூஃபஸ் சர்ச்சில் முன்வரிசை ஆள், அவன் பொருட்படுத்தித் தொலைத்தான்.

"யாராவது உங்களை மிரட்டினாங்களா?" ஜட்ஜ் தலை நிமிராமலே கேட்டார்.

"இல்லைங்கய்யா."

"குத்தம் செஞ்சதாலதானே ஒத்துக்கிறீங்க?"

ஹோல்கம்ப் அவன் முழங்கையை இடித்தார். தூக்கிய கை ரூஃபஸை உறுத்தியது.

"இல்லைங்கய்யா. நான் திருடலை. வீட்டுக்குப் போகணும், அதான்."

இப்போதுதான் ஜட்ஜ் நிமிர்ந்தார். அடடா, முகத்தில் என்ன ஒரு கருணை!

"செய்யாத குத்தத்தை ஒத்துக்க இந்த நீதிமன்றம் யாரையும் விடாது. உங்களைப் பாதுகாக்கத்தான் சட்டமே இருக்கு. விசாரணை வரட்டும்," என்றவர் காவலரிடம் திரும்பினார். "உள்ள கூட்டிட்டுப் போங்க."

பாதுகாப்பாம்! கூடவே சங்கிலியும் வந்தது.

"கெடுத்தியேய்யா காரியத்தை," என்று பல்லைக் கடித்த ஹோல்கம்ப் வரிசையில் இருந்த அடுத்த கைதிக்குக் கையைக் காட்டினார். அவன் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுத்தபடி தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனான்.

கியானா தடுப்புக்கட்டை வரை ஓடி வந்தாள்.

"அப்பா, எனக்காக ஒரு 'ஆமா' சொல்லக்கூடாதா?"

சத்தியம் செய்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்ததும் அதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.