அழைப்பு வராத மாலை

நோரீன் அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள். காலருக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு கழுத்து மெலிந்திருந்தது.

"டை கோணலா இருக்கு" என்றார் வெண்டல் கிராடி.

"இருங்கப்பா, சரி பண்றேன்."

நகரத்தின் ஓபரா இசைநாடக அரங்குக்கு அன்று வெள்ளி விழா. அதைக் கட்டிக்கொடுத்தவர் அவர். திறப்பு விழாவுக்கு வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கி, பாடகிகளின் காலடியில் மஞ்சள் ரோஜாக்களைக் கொட்டியவர். டெக்சாஸ் முழுக்க அதுதான் பேச்சு. பிறகு அவருடைய சேமிப்பு நிறுவனம் கவிழ்ந்தது. கிழவர்கள் போட்டுவைத்த பணமெல்லாம் போயிற்று. அவர் சிறைக்குப் போனார். அரங்கின் சுவரிலிருந்து அவர் பெயரைப் பெயர்த்தெடுத்தார்கள்.

"கார் எப்ப வரும்?"

"வந்துடும்பா."

கார் எதுவும் வரப்போவதில்லை. காலையில் அரங்குக்குப் போன் செய்து, கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போதும் என்று கெஞ்சியிருந்தாள். "அவரு வந்தா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்கம்மா" என்றாள் மறுமுனையில் இருந்தவள், தன்மையாகத்தான். நோரீன் போனை வைத்தாள். அவளுடைய மாமியார் மேபெல் வீட்டை இழந்ததும் அந்த நிறுவனத்தால்தான். அதோடு நோரீனின் கல்யாணமும் முறிந்துபோயிற்று.

"நீ போன் பேசினது கேட்டுச்சு" என்றார் அப்பா.

அவள் கை நின்றது. "அப்புறம் எதுக்குப்பா இதெல்லாம் போட்டுக்கிட்டீங்க?"

"ஊரே உடுத்திக்கிட்டு கிளம்பியிருக்கும். நான் மட்டும் பைஜாமாவோட உக்காந்திருக்கணுமா?"

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

அவர் கேட்டார்: "மேபெல் என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாளா, சாகறதுக்கு முன்னாடி?"

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னாங்க."

அவர் தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சூப்பைச் சூடாக்கி எடுத்து வந்தபோது அப்படியேதான் இருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

சவ அடக்கக்காரர்கள் இருவர் வந்தார்கள். மூத்தவர் அப்பாவின் கறுப்புக் கோட்டையும் டையையும் பார்த்துவிட்டு, "விருந்துக்குப் போயிட்டு வந்தாராம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா, வேற வழியில்ல" என்று அவர்கள் பட்டைகளை இறுக்கி, அதைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி, அவரை நிற்க வைத்தாற்போல ஒவ்வொரு படியாக இறக்கினார்கள்.

நோரீன் முன்னால் இறங்கிப் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.