புகார்ப் பெட்டியும் என் சர்க்கரையும்

சலவைக்கூடத்தின் புகார்ப் பெட்டிச் சாவி, அலுவலகத் தட்டச்சுக்காரியான என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் அதைத் திறந்து, சீட்டுகளைத் தட்டச்சு செய்து மேலாளரிடம் கொடுப்பேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுதியது யாரென்று கண்டுபிடித்து அவர் வயிற்றில் அடித்துவிடுவாரோ என்று, நான் கொஞ்சம் சர்க்கரை தடவிவிடுவேன். “மூச்சு முட்டுது, நாங்க மனுஷங்களா இல்லையா?” என்று வந்தது, “காற்றோட்டம் குறித்துக் கனிவுடன் பரிசீலிக்கவும்” என்று போகும். படித்துவிட்டு, “நம்ம ஆளுங்க தங்கமானவங்கம்மா” என்பார். எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

இப்படியே மூன்று வருஷம். ஒரு திங்கட்கிழமை காலை இயந்திரங்கள் அத்தனையும் நின்றன. அறுபது பேரும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் வெளியேற வேண்டும், கூடத்தை நாங்களே நடத்துகிறோம் என்று கோஷம். முன்வரிசையில், இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர்.

மேலாளர் திருதிருவென விழித்தார். “திடீர்னு என்னம்மா ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு ஃபேன் மாட்டியிருப்பேனே!”

கத்திவிட்டாவது மாட்டியிருப்பார். அசல் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவோடு முற்றத்துக்கு இறங்கினேன். மேலாளரும் பின்னாலேயே வந்தார்.

“நீங்க எழுதினது எதுவும் அவருக்குப் போகல. நான்தான் மாத்திட்டேன்.”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி ஃபேனே போதும்னுதானே இருந்தோம்!” என்று துணி மடிக்கும் ஒருத்தி அழுதாள்.

என் வீட்டுக்காரர் டப்பாவைக் கிளறித் தன் சீட்டை எடுத்தார். இனி இந்த மனுஷன் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். அந்தப் பயம்தான் என்னை இத்தனை நாள் வாய்மூட வைத்திருந்தது.

“இதையும் படிச்சியா?”

“படிச்சேன். கையில சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு நீங்க சொன்னப்போ நம்புற மாதிரி நடிச்சேன்.”

அவர் சீட்டை என்னிடமே நீட்டினார். “சத்தமா படி. சர்க்கரை போடாம.”

படித்தேன்.

“நாலாம் நம்பர் மெஷின் மூடி நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை கை வெந்துடுச்சு. வீட்ல சொன்னா அவ தூங்கமாட்டா. அதனால உங்ககிட்ட சொல்றேன்.”

மேலாளர் அந்தக் கையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்து அடுத்த சீட்டை எடுத்தேன்.